கண்ணாடியில் வைத்த பொட்டு

போன மாதம் மகள் வீட்டில் புதுமனைப் புகுவிழா. வாசல் நிலைக்கு மேலே மாப்பிள்ளை ஒரு கேமரா பொருத்தியிருந்தார். ஹோமம் முடிந்ததும் என் மனைவி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். நிலைக்கு, பிரிட்ஜுக்கு, வாஷிங்மெஷினுக்கு. கடைசியில் ஸ்டூல் மேல் ஏறிக் கேமராவின் கண்ணாடியிலும் ஒன்று வைத்தாள். பாயசத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். வேட்டி நுனியால் அதை அழுத்தித் துடைத்தேன்.

"இன்னாங்க இது, நல்ல நாளும் அதுவுமா சாமிப் பொட்டப் போயி தொடைக்கிறீங்க?"

சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலில் ஈரச் சந்தனம் மணத்தது. அந்த மணம் வந்தால் எனக்குத் திருத்தணி மலைதான் நினைவுக்கு வர வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குப் படியேறாத வருஷம் எனக்குக் கிடையாது. ஆனால் அன்று மூக்குக்குள் ஏறியது இரும்பு உருகும் நெடி.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஓர் ஆலையில் இருந்தேன். லாரிகளை எடை போடும் அறையில் வேலை. பத்தாவது இரண்டாவது தடவையில் பாஸ், டைப்ரைட்டிங் லோயர், அவ்வளவுதான் என் படிப்பு. அந்த டைப்ரைட்டிங்கை நம்பித்தான் என் மேஜையில் ஒரு கறுப்புத் திரைக் கம்ப்யூட்டரையும் வைத்தார்கள். அதில் படம் வராது, மவுஸ் கிடையாது, பச்சை எழுத்து மட்டும்தான் வரும்.

எதற்கு என்றால், உலைக்காக. இரும்பு கொதிக்கிற உலையின் உட்புறம் மண்ணால் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு எங்காவது மெலிந்துபோனால் உலையின் வெளிச்சுவர் அந்த இடத்தில் பழுத்துச் சிவக்கும். அப்புறம் அதிக நேரம் இருக்காது. பொத்துக்கொண்டு கீழே கொட்டும். உலையின் பின்பக்கத்துக் குழியில் அனலுக்கு யாரும் நிற்க முடியாது என்பதால் அங்கே ஒரு கேமரா வைத்தார்கள். அது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து, உலைக்கொட்டகை ஓரத்து ரூமில் இருந்த ஒரு பெட்டியில் போடும். அந்தப் பெட்டிக்குத் திரையே கிடையாது. முந்நூறு கெஜம் தள்ளி உட்கார்ந்திருந்த நான் ஒயர் வழியாக அதற்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரு அட்டையில் மூன்று வரிகளை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுத்தார். பெட்டிக்குள் போக ஒரு வரி, படங்களின் பட்டியலைப் பார்க்க ஒரு வரி, ஒரு படத்தைத் திரையில் கொண்டுவர ஒரு வரி. படம் என்றால் எழுத்தால் ஆன படம். வெளிச்சம் இருக்கும் இடத்தில் @, அரைகுறை வெளிச்சத்துக்குக் கூட்டல் குறி, இருட்டுக்குப் புள்ளி. டைப் இன்ஸ்டிடியூட்டில் ஆங்கில எக்ஸ் எழுத்தாகவே அடித்துப் பிள்ளையார் வரைவோம். அதனால் எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. புள்ளிக் கூட்டத்துக்கு நடுவில் உலை பானை மாதிரி, ஏறக்குறைய படத்தின் ஓரம்வரை நிற்கும்.

"ஏழு நாள் படம்தான் இருக்கும் சார், எட்டாம் நாள் பெட்டியே அழிச்சிடும். கலர்ல பாக்கணும்னா மேனேஜர் ரூமுக்குத்தான் போகணும்," என்றார் இன்ஜினியர். போகும்போது, "வாராவாரம் தொடைக்கிறதத் தவிர, கேமராக் கண்ணாடில யாரும் கை வெக்காதீங்க," என்றும் சொன்னார்.

உலையைப் பார்த்துக்கொண்டவன் டில்லிபாபு. திருத்தணிக்குப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டைக்காரன், பொன்னேரியில் என் தெருவிலேயே குடியிருந்தான். காலை ரயிலில் ஒன்றாகத்தான் போவோம். அவன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி எனக்கு. உலைக்கு அங்கே வேலை செய்தவர்கள் வைத்திருந்த பெயர் அம்மா. ஷிப்டில் மணிக்கொரு தரம் இன்டர்காமில் கூப்பிடுவான்.

"இன்னாபா, அம்மா எப்டி கீறா?"

"சாந்தமா இருக்கா."

"சாந்தமா கீறான்னா சொல்லாத. வாய் வுட்டா கோவம் வந்துடும்."

அந்த வருஷம் ஆயுத பூஜை. உலையை அணைத்து, கழுவி, வாழைக்கன்று கட்டியிருந்தோம். உலைக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, கிரேனுக்குப் பொட்டு. கிண்ணத்தோடு குழிக்குள் இறங்கியவன் நான்தான். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு வைக்காமல் வருவதா? கேமராக் கண்ணாடியில் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டேன். அப்புறம்தான் இன்ஜினியர் சொன்னது உறைத்தது. நடுவில் துடைத்துவிட்டு மூலையில் மட்டும் கொஞ்சம் விட்டேன். முழுக்கத் துடைக்க மனசு வரவில்லை.

மறுநாள் திரையில் பார்த்தால் வலது மூலையில் நான்கு @. குழி விளக்கின் வெளிச்சம் சந்தனத்தில் பட்டு அப்படித் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம். தினமும் முதல் படத்தைத் திறந்ததும் அந்த நான்கு எழுத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பதிவேட்டில் 'நார்மல்' என்று எழுதுவேன்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எண்ணிப் பார்த்தேன், ஆறு. பத்து மணிக்கு ஒன்பது. மழை ஈரத்தில் சந்தனம் வழிகிறது என்று நினைத்தேன். மேனேஜர் சென்னை போயிருந்தார், கலரில் பார்க்கலாம் என்றால் அவர் ரூம் பூட்டியிருந்தது. போன் போட்டுச் சொல்லலாம்தான். கண்ணாடியில் கை வைத்தது யார் என்று முதலில் கேட்பாரே? அதற்குப் பயந்தேன். டில்லிபாபுவிடம் மட்டும் சொன்னேன்.

"பொட்டு பெருசாகுதுபா."

"ஆவட்டும். சின்னதானாதான் பேஜாரு," என்று சிரித்தான். "குளிப்பாட்ன தண்ணி மாரி குழிலயும் ஒரே மழத்தண்ணி. பம்பு வெச்சும் நிக்கல. அம்மாக்கு இன்னிக்கு அபிசேகம்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் பதினொன்றரை மணிப் பதிவில் நார்மல் என்று எழுதினேன்.

அடுத்த படம், உலையை முன்பக்கம் சாய்த்து இரும்பை ஊற்றுகிற நேரத்தில் விழுந்தது. சாய்த்தால் பின்பக்கச் சுவர் மேலே எழும்பும். வரிவரியாகப் படம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் நான்கு @ இருந்த இடத்திலேயே இருந்தன. புதிதாகக் கூடியவை அங்கே இல்லை. உலையோடு சேர்ந்து மேலே போயிருந்தன.

கண்ணாடியில் வைத்த பொட்டு உலையோடு எப்படிப் போகும்? அது பொட்டு இல்லை, சுவர் பழுக்கிறது. முருகா என்று சொன்னேனா தெரியாது. இன்டர்காமை எடுத்தேன்.

"டில்லி, பொட்டு நகருதுபா!"

"பொட்டு எப்டிபா நகரும்?" என்றவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அப்புறம் ரிசீவருக்கு வெளியே அவன் கத்தினது கேட்டது: "டேய், வெளிய ஓடுங்கடா! எல்லாத்தயும் போட்டுட்டு ஓடுங்க! தே, இன்னாத்துக்குடா செருப்பத் தேடினு கீற?"

நான் மழையில் ஓடினேன். எதிரே ஆட்கள் ஓடிவந்தார்கள். எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் வரவில்லை. பாதித் தூரம் போயிருப்பேன், தரை ஒரு முறை குலுங்கியது. அப்புறம்தான் சத்தம். பொத்துக்கொண்ட இரும்பு குழித் தண்ணீரில் விழுந்திருக்கிறது. கொட்டகையின் தகரம் காகிதம் மாதிரி மேலே போனது.

உலைக் கரன்ட்டை அணைத்துவிட்டு, நான் சொன்னது நிஜமா என்று பார்க்கக் குழிப் படிவரைக்கும் இறங்கியிருக்கிறான் டில்லிபாபு. உயிர் இருந்தது. இரண்டு கண்ணும் போயிற்று.

விசாரணைக்கு வந்தவர்கள் என் பதிவேட்டைத்தான் வாங்கிப் போனார்கள். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தில் நார்மல். படத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, தப்பியிருந்த பெட்டிக்குள் போய்க் கடைசிப் படத்தைத் திறந்தேன். திரையெல்லாம் @. நடுவில் ஓர் ஆள், இருட்டாக, நெற்றிக்குக் கையைத் தூக்கியபடி. முகத்துக்கு மூன்றே எழுத்து. கண் எது என்று தேடினேன். அந்த அளவுப் படத்தில் கண் இருக்காது.

சென்னையில் ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டு வைத்தது, மேனேஜருக்குப் பயந்தது, கடைசிப் படத்தில் அவன் நிற்பது, எல்லாம். கட்டுப்போட்ட முகம் என் பக்கம் திரும்பியது.

"நாயித்துக்கெழம நாயித்துக்கெழம அம்மாவ அணச்சிட்டு கண்ணாடி தொடைக்கிறது என் வேலதானபா," என்றான். "நானும்தான் பாத்தேன். சாமிப் பொட்டாச்சே, கை வெக்கலாமான்னு அந்த மூலய மட்டும் வுட்டுட்டேன்."

அதற்கப்புறம் அவன் அதைப் பேசியதில்லை. ஊரோடு போய்விட்டான். மனைவி சின்னதாகக் கடை வைத்திருக்கிறாள். நான் திருத்தணி போகிற ஒவ்வொரு முறையும் மலையிறங்கி அவன் வீட்டுக்குப் போவேன். ஆலை மூடிப் பல வருஷம் ஆகிறது, அந்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு. என் கறுப்புத் திரை, ஸ்கெட்ச் பேனா அட்டை எதுவும் இல்லை. அவன் மட்டும் போகும்போதெல்லாம் ஒன்றைக் கேட்பான்.

"அன்னிக்கு வுழுந்த படம் இன்னும் கீதாபா?"

"கீது."

"நான் தெரியறனா?"

"நல்லா தெரியற. கும்புட்டுனு நிக்கற."

"கண்ணு?"

"கண்ணும்தான் தெரியுது."

"பத்தரமா வெச்சிரு. பையன் பாக்கணும்னு சொல்லிக்கினே கீறான்."

ஒரு படத்தைத் தனியாக எடுத்து வைக்க அந்த அட்டையில் வரி கிடையாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம், கேட்டால் படத்தைக் காட்ட வேண்டும். விபத்து நடந்த எட்டாம் நாள் காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து அந்தப் படத்தின் பெயரைத் தட்டினேன். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி வந்தது. அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று.