மலைக்குச் சொல்லக் கூடாத வார்த்தை

சாலையை அகலப்படுத்த வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் பச்சை வாசனை இன்று மூக்கில் ஏறியதும், கச்சிராயபாளையம் சாலையில் இப்போது இல்லாத அந்தத் தகரக் கொட்டகை டியூஷனுக்குள் போய் விழுந்தேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. பஸ் போகாதபடி போராட்டக்காரர்கள் வெளியே மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வெட்டுக்கும் தகரம் அதிர, கதவைச் சாத்திவிட்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள் காலேஜ் படிக்கும் செல்வி அக்கா. 'எமினென்ட்' என்றால் எல்லோரும் மதிக்கும் பெரிய ஆள். மனிதருக்குத்தான் சொல்ல வேண்டும், மலைக்கோ மரத்துக்கோ சொல்லக் கூடாது என்றாள்.

புது வார்த்தை ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர் ஒருவரின் பெயரைப் போட்டு வாக்கியம் சொல்வது அங்கே வழக்கம். என் முறை வந்தது. அந்த வருஷம் எந்தப் பெயரைச் சொன்னாலும் அது ஒரு சாதியைச் சொன்னதாகிவிடும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. வெட்டுச் சத்தம் நின்று, காலடிகள் கொட்டகையை நோக்கி வந்தன.

"உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றது கதவுக்கு வெளியே ஓர் ஆண்குரல்.

"புள்ளைங்க படிக்குதுங்கண்ணா," என்ற அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி."

"கல்வராயன் மலை எமினென்ட்," என்றேன்.

"ரொம்ப சரி, உக்காரு."

காலடிகள் போன பிறகும் அவள் அதைத் திருத்தவில்லை.