உடும்பின் நான்காம் பாகம்

புத்தகத்தைத் தொடுமுன் அமராவதி சுட்டுவிரல் நுனியை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். பக்கம் புரட்ட எச்சில் தொடுகிறார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். விரலில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். குழாயடியில் மூன்று முறை கை கழுவி, முந்தானையில் துடைத்து, அதற்குப் பிறகும் இந்தச் சோதனை. "இன்னும் கரிக்குது" என்று எழுந்து போய் நான்காம் முறை கழுவுகிறார். மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரிய கை அது. சுலபத்தில் கரிப்பு போகாது.

இத்தனை மடி ஆசாரம் பார்த்துத் தொடுகிற அந்தப் புத்தகம் ஏதோ சாமிப் புத்தகம் என்று எண்ண வேண்டாம். படக்கதை. 'உடும்பு உத்தண்டன்' என்று பெயர். கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிய ஓர் உடும்பு கோட்டைச் சுவர்களில் ஏறி, அநியாயமாய் அடைபட்டுக் கிடப்பவர்களை மீட்கும் கதை. எண்பத்தேழாம் வருஷம், அமராவதிக்குப் பதின்மூன்று வயதில், மாதம் ஒன்றாக வந்தது. அந்தக் காலத்துப் படக்கதை நாயகர்கள் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த உடும்பு மட்டும் முதல் அட்டையிலேயே 'நான்கே பாகம்' என்று சொல்லிவிட்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே தன் அத்தாவின் புத்தகக் கடையில் உட்கார்ந்திருந்த இளவட்டம் குத்புதீன், கொடியில் தொங்கிய முதல் பாகத்தைத் தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகும் சிறுமியைக் கவனித்தார். "எடுத்துக்க புள்ள. நாலே நாலு புக்குதான், நாலோட முடிஞ்சிரும்" என்று மாதம் தவறாமல் கொடுத்தார். "முடிவு இருக்குதுன்னு முன்னாடியே சொன்ன புக்கு அது ஒண்ணுதாங்க" என்று அமராவதி இன்றைக்கும் பெருமைப்படுகிறார்.

இப்போது அவரிடம் இருப்பது மூன்று பாகங்கள். நான்காவதைப் பறிகொடுத்த கதையை, சிரிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால்தான் சொல்வார். கிளியனூரில் கல்யாணம் ஆகிப் புருஷன் வீட்டுக்குப் போகும்போது, பூச்சி அரித்துவிடுமே என்று நான்கு புத்தகங்களையும் ஒரு தகர டின்னில் அடுக்கி, மேலும் கீழும் உப்பைக் கொட்டி மூடி, அம்மா வீட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போனார். "கருவாடே கெடாம இருக்குது, காயிதம் கெடுமான்னு நெனச்சேன்." இரண்டு மழைக்காலம் உப்பு ஈரத்தை இழுத்தது. மேலே இருந்த மூன்றும் மொரமொரத்துப் போய்த் தப்பின. டின்னின் அடியில் கிடந்த நான்காம் பாகம், உருகிய உப்பில் ஊறிக் கட்டியாகிவிட்டது. வாக்குக் கொடுத்தும் நான் சிரித்துவிட்டேன். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசிக்கு ஒன்றாம் பாகம், கார்த்திகைக்கு இரண்டு, மார்கழிக்கு மூன்று என்று படிப்பார். வேகமாகப் படித்தால் மழை முடிவதற்குள் கதை முடிந்துவிடுமாம். தை பிறந்ததும் சேற்றை மிதித்துப் பாத்தி கட்டும் வேலை தொடங்கும். பெண்கள் வரிசையாய் நின்று மிதிக்கும்போது, நான்காம் பாகத்தை அமராவதி வாயால் சொல்வார்.

மூன்றாம் பாகம் ஒரு கடற்கோட்டைச் சுவரில் நிற்கிறது. உத்தண்டன் உச்சியில் பற்றிக்கொண்டிருக்கிறான். இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் கைதிகள் நாற்பது பேர் இறங்குகிறார்கள். சுவர் விரிசல் விடுகிறது. "அப்பதான்," என்று அமராவதி மிதிப்பதை நிறுத்துவார், "உடும்பு யோசிக்குது. இந்தச் செவுரு விழப்போற செவுரு. இதப் புடிச்சிகினு இருந்தா எல்லாரும் சேந்து சாவோம். கைய விட்டுடுது! நாப்பது பேரும் கடல்ல விழுந்து நீந்திக் கரை சேந்துட்டாங்க."

பக்கத்தில் மிதிக்கும் அருக்காணிக்கு இது ஒப்புவதே இல்லை. "உடும்பு எங்கனாச்சும் புடிய விடுமாடி? நீயா கட்டி உடுற" என்பார். கதை இன்னும் நீண்டால், "உடும்பு வேணாம் தாயே, கைய விட்டா போதும்" என்று கும்பிடுவார். வரிசை முழுக்கச் சிரிக்கும். அமராவதி மட்டும் சிரிக்க மாட்டார். அந்த ஒரு இடத்தில் அவருக்கு விளையாட்டு கிடையாது.

காரணம் உண்டு. கிளியனூர் வீட்டில் அவர் அடிவாங்காத நாள் குறைவு. பஞ்சாயத்துப் பேச வந்த தாய்மாமன் முருகையன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே, "குடும்பம்னா அப்படித்தாம்மா, உடும்பு மாதிரி புடிச்சிகினு இருக்கணும்" என்று புத்தி சொன்னார். உடும்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அமராவதிக்கு நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கம் கண்ணில் தெரிந்தது. "உடும்பே கைய விட்டுச்சி மாமா" என்றார். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, வயிற்றில் மூன்று மாதக் குழந்தையோடு பஸ் ஏறிவிட்டார். அந்தக் குழந்தை கீதாஞ்சலி இன்று புதுச்சேரியில் நர்ஸ்.

அன்றிலிருந்து உப்பளக் கரையில் உடும்பைக் கண்டால் அமராவதி ஒதுங்கி வழிவிடுவார். "போங்க சாமி, நீங்க போங்க." சீசனில் வாரும் முதல் கைப்பிடி உப்பைக் கரையோரப் புதரடியில் வைப்பார். உடும்பு உப்புத் தின்னுமா என்று கேட்டேன். "தின்னுதோ இல்லியோ, நம்ம நன்றிய நாம சொல்லணும் இல்லீங்களா" என்றார்.

இந்தத் தையில், நானும் போயிருந்த அன்று, பாத்தி மிதிக்கும் இடத்துக்கே குத்புதீன் பாய் மொபெட்டில் வந்து இறங்கினார். தாடி நரைத்துவிட்டது, கொடுக்கிற கை மட்டும் அதே கை. மகன் ஹம்தான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். பழைய படக்கதை சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் யாரோ நான்காம் பாகத்தைப் பக்கம் பக்கமாய் போட்டோ எடுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து, அத்தாவுக்கு அனுப்பிவிட்டான். பாய் அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, உப்புக்காற்றுக்குப் பயந்து ஒவ்வொரு தாளையும் லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார்.

அமராவதி உடனே வாங்கவில்லை. முழங்கால் வரை சேறு. "பாய், அது கைய விட்டிருக்குதா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார். பாய் தாள்களை நீட்டி, "நீயே பாரும்மா" என்றார். அவருடைய குரலிலேயே அமராவதிக்குப் பாதி தெரிந்திருக்க வேண்டும். குடத்துத் தண்ணீரில் கை கழுவினார், விரலை நாக்கில் வைத்தார், மறுபடி கழுவினார். அப்படியும் கடைசித் தாளை எடுக்கக் கை வரவில்லை. அருக்காணிதான் எடுத்து நீட்டினார்.

உடும்பு கையை விடவில்லை. சுவர் பாதி சரிந்தும் மிச்சத்தைப் பற்றிக்கொண்டே இருந்தது. நாற்பது பேரும் கயிற்றில் இறங்கிப் படகேறிப் போய்விட்டார்கள். கடைசிக் கட்டத்தில் சூரியன் உதிக்கிறது. படகு தூரத்தில் புள்ளியாய்த் தெரிகிறது. சிவப்புத் துண்டு பறக்க, உத்தண்டன் தன்னந்தனியாய் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

முப்பது வருஷமாய்ச் சொன்னது பொய்த்துவிட்டது. அருக்காணி கேலி செய்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு அமராவதியின் பக்கம் நகர்ந்து நின்றார்.

"அப்போ நானாத்தான் வந்தேனா?" என்றார் அமராவதி. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"பின்ன? நீதான்டி வந்த" என்றார் அருக்காணி. "அதுக்கு விடத் தெரியல. உனுக்குத் தெரிஞ்சிச்சி."

"இத்தினி வருசமா அதுக்கு நன்றி சொல்லிகினு இருந்தேனே."

"சொன்னா என்னம்மா, வீணாவா போச்சி?" என்றார் பாய். "நாலு புக்கும் படிச்சதாலதானே அப்படித் தோணுச்சி?"

"ஆமா பாய். நீங்க குடுத்தது." அமராவதி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். பாய் சங்கடப்பட்டு மொபெட்டின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார்.

பிறகு அமராவதி தாளைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எல்லாரும் பூட்டாங்க. இது மட்டும் இன்னும் புடிச்சிகினு இருக்குது பாரு, பாவம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த விரலை வழக்கம்போல நாக்கில் வைத்தார். தாளை அருக்காணியிடம் கொடுத்துவிட்டுக் குடத்தடிக்குப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, சுவரில் பதிந்திருந்த உடும்பின் நகங்களை ஒவ்வொன்றாய் விரலால் மெல்லத் தடவினார்.

"போதும் சாமி," என்றார். "கைய விடு."