தள்ளாமல் கிளம்பிய வேன்

மாணிக்கம் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வந்தது. கொழுந்தெடுக்கப் போன ஒருத்தியின் கைப்பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தேன். டவுன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் வாசலில் நின்று, "டிரைவரண்ணன் தவறிட்டாரு அக்கா" என்றார். நான் தொட்டிலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதுவும் அழும். அழுவதற்கு நான் ஒருத்தி போதும்.

அண்ணனைப் பற்றி இங்கே பேசச் சொன்னீர்கள்; எனக்கு அதிகம் படிப்பில்லை. பிரசவக்காரிகளைப் பிடித்துக்கொண்டு அவர் ஓட்டிய தோட்டத்து வேனில் பின்னால் உட்கார்ந்து போனவள். அதனால் அந்த வேனைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

முன்பு அது எப்படிக் கிளம்பும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டார்டர் எரிந்துபோய் அதைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. முன்னால் கம்பி செருகி எஞ்சினைச் சுற்றலாம் என்றால் கம்பி பிடிக்கிற இடமும் தேய்ந்துவிட்டது. மேட்டில் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைத்து நிறுத்தி, சில்லுக்கு அண்ணன் கல் வைப்பார்; கல்லை எடுத்தால் உருண்டு கிளம்பும். சமதரையில் நின்றால் நாம்தான் தள்ளவேண்டும். அவர் கதவைத் திறந்து ஏறினால் போதும், யாரும் கூப்பிடாமலே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் போய்விடுவோம்.

ஒரு மழைநாள் வேன் ஃபெக்டரி முற்றத்தில் நின்றது. ஆட்களெல்லாம் மேல்மலையில். செல்லம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. நானும் கணக்கப்பிள்ளையும் தள்ளிப் பார்த்தோம், சேற்றில் நகரவில்லை. ஆள் கூட்டி வருவதற்குள் பிள்ளை தங்கவில்லை.

அதன் பிறகு தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை, இந்த வேனால் பிரயோசனம் இல்லை, கந்தப்பளையில் மரக்கறி ஏற்றுகிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். வேன் போனால் பழையபடி பிரசவக்காரியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு மலை இறங்கவேண்டும். அண்ணன் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், எல்லோர் முன்னாலும் தள்ளாமல் கிளப்பிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

நோர்வூட்டில் உடைத்துப்போட்ட லொறி ஒன்றிலிருந்து அதே ஜாதி ஸ்டார்டர் கிடைத்தது. முதலில் விளக்குக்கு இழுக்கிற மெல்லிய வயரைப் போட்டார். சுவிட்சை இழுத்ததும் வயர் புகைந்து, ரப்பர் நாற்றம் நம் லயத்து வீடுகள் வரைக்கும் வந்தது. அவர் சிரித்தார். "பத்துப் பேர் தள்ளுற வேலைய ஒரு வயர் தனியா செய்யணும்ல. அதுக்குச் சோறு பத்தாது." மறுபடி போய் விரல் தடிமன் கேபிள் வாங்கி வந்தார். பெட்டரியில் இருந்து சுவிட்சுக்கு, சுவிட்சில் இருந்து ஸ்டார்டருக்கு, பெட்டரியின் மறு முனையில் இருந்து வேனின் இரும்புச் சட்டத்துக்கு. அந்தக் கடைசிக் கேபிள் எதற்கு என்று கேட்டேன். "போற கரண்டு திரும்பி வர்ற வழிம்மா அது. போனா மட்டும் பத்தாது, திரும்பி வரணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அருமையாகச் சுற்றியது. அந்தச் சந்தோஷத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, சட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் கேபிளை மறுபடி மாட்டினார்.

திங்கள் விடிந்தது. பெரட்டுக்களத்தில் தொரை நின்றார். அண்ணன் கதவைத் திறந்து ஏறினார். அவ்வளவுதான். நாம் என்ன செய்தோம் தெரியுமா? வழக்கம்போல எல்லோரும் பின்னால் ஓடித் தள்ளிவிட்டோம். அவர் சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே வேன் உருள ஆரம்பித்துவிட்டது.

பிரேக் போட்டு இறங்கி வந்தார். தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடப் பாவிகளா, ஒங்க பாசத்துல வேனே போயிரும் போல" என்றார் அண்ணன். "ஒருத்தரும் பின்னால நிக்கக்கூடாது. எல்லாரும் முன்னுக்கு வாங்க." வந்து நின்றோம். அவர் ஏறிச் சுவிட்சை இழுத்தார். டக் என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. இன்னொரு முறை இழுத்தார். அதே டக்.

தொரை திரும்பி நடந்தார். அண்ணன் பதறவில்லை. தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக்குப் போகக் கத்தியோடு நின்ற கறுப்பையாவிடம் கையை நீட்டினார். கறுப்பையா செல்லம்மாவின் புருஷன். எதற்கென்று கேட்காமலே கத்தியைக் கொடுத்தார். அண்ணன் வேனுக்கு அடியில் படுத்து, கேபிள் போல்ட்டைக் கழற்றி, தான் அடித்த பெயின்ட்டைத் தானே சுரண்டினார். "திரும்பி வர்ற வழிய நானே அடைச்சுட்டேன்யா" என்று கீழிருந்து குரல் வந்தது. இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் போல்ட்டை முடுக்கி, ஏறி மறுபடி சுவிட்சை இழுத்தார். எஞ்சின் கிளம்பிய சத்தத்தில் தொரை நின்று திரும்பிப் பார்த்தார். செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேன் நம்மிடமே இருந்தது.

அடுத்த வருடம் செல்லம்மாவை அதே வேனில்தான் கூட்டிப்போனோம். சமதரையில் இருந்து, ஒரு ஆளும் தள்ளாமல். பிள்ளையோடு திரும்பும்போது அண்ணன் பாதிவழியில் வேனை நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினார். அந்தப் பயல் இப்போது இஸ்கூலுக்குப் போகிறான்.

போன வாரம் அண்ணனே அந்த வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பியும் வந்தார், உயிரில்லாமல் பின்னால் படுத்துக்கொண்டு. லயத்தில் வைத்துக் கும்பிட்டபின் மறுபடி வேனில் ஏற்றினோம். புது டிரைவர் கதவைத் திறந்து ஏறினார். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் பின்னால் போய்க் கையை வைத்தோம். "தள்ள வேணாங்க, ஸ்டார்ட் ஆகும்" என்றார் அவர். தெரியும் என்றார் கறுப்பையா. யாரும் கையை எடுக்கவில்லை. சுடுகாடு வரைக்கும் அப்படியே நடந்தோம்.

அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிய நாளிலிருந்து, பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போதெல்லாம் அவர் ஒன்று கேட்பார்; இனி கேட்கமாட்டார். அதனால் நான் கேட்கிறேன்: போக வழி பார்த்தாச்சு, திரும்பி வர வழி பார்த்தாச்சா? அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான்.