சலூன்காரரின் இடது கால்

சலூன்காரருக்கு இடது கால் வீங்கிவிட்டது. காலையில் வற்றி, மாலையானால் மறுபடி கனக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, காலின் ரத்தக்குழாய்களுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வைத்தியர்கள். மீதிப் பேர் வைத்தியருக்கே பாடம் எடுப்பவர்கள். "ஊசி ஏத்தித்தான் பாப்பாங்க" என்றார் ஒருவர். "உள்ள ரத்தம் உறைஞ்சிருந்தா நெஞ்சுக்கு ஏறிடும். நின்னு வேலை பாக்கறதையே மறந்துடணும்" என்றார் பாதிச் சவரத்தில் இருந்த இன்னொருவர். கத்தி பிடித்திருப்பவரிடம் பேசுகிற பேச்சா அது! நின்றால்தான் அவருக்குப் பிழைப்பு. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றும் தெரியாது. கடையை மூடவேண்டி வந்துவிடுமோ என்று அவருக்கு உள்ளூர உதறல்.

ஸ்கேன் அறையில் கட்டிலில் படுத்து, போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். ஸ்கேன் எடுக்கும் பெண் ஒரு நிமிடம் அப்படியே பார்த்தாள். தொடையிலிருந்து பாதம்வரை ஒரு முடி இல்லை. வழுவழுவென்று மழித்து, பவுடரும் அடித்திருந்தார்.

"யாரு ஷேவ் பண்ணச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. தெரிஞ்ச தொழில்தானே, உங்களுக்கு ஏன் சிரமம்னு..."

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல" என்று போட்டுக்கொடுத்தாள் கூட வந்திருந்த மனைவி. "நேத்து கால் ரெண்டையும் மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணிட்டு உக்காந்திருந்தாரு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பவுடரைத் துடைத்தாள். "இதுக்கு ஷேவிங்கும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். ஊசியே கிடையாது. அழுத்தறப்ப கொஞ்சம் வலிக்கலாம், அவ்வளவுதான்."

ஜில்லென்று பசை தடவி, சிறிய கருவியை தொடை இடுக்கிலிருந்து கணுக்கால்வரை வைத்து வைத்து அழுத்தினாள். திரையில் ஒரு கறுப்பு வட்டம் நசுங்கும், விட்டால் விரியும். ஆடுசதையைப் பிடித்துவிட்டபோது 'புஸ்ஸ்' என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னம்மா தெரியுது?"

"டாக்டர் சொல்வாரு."

அப்புறம் எழுந்து நிற்கச் சொன்னாள். "பாரத்தை வலது கால்ல போடுங்க." போட்டார். கொஞ்ச நேரத்தில் உடம்பு தானாக இடது காலுக்குச் சாய்ந்துவிட்டது.

"கடையிலயும் இப்படித்தானா?"

"ஆமாம்மா. நான் நகரமாட்டேன். ஆளோட நாற்காலியைத்தான் சுத்திவிடுவேன்."

அரை மணியில் முடிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரிடம் அந்த நாற்காலிக் கதையும் போய்ச் சேர்ந்திருந்தது.

"ரத்தம் எங்கயும் உறையல. தோலுக்குக் கீழ ஒரு குழாய்ல வால்வு தளர்ந்திருக்கு. அதனால மேல போற ரத்தம் கீழ இறங்கி நிக்குது. இறுக்கமான காலுறை எழுதித் தரேன், போட்டுக்கிட்டு வேலை பாருங்க."

"கடையை மூட வேண்டாமா?"

"எதுக்கு மூடணும்? இனிமே நாற்காலியைச் சுத்திவிடாதீங்க, நீங்க சுத்துங்க."

வெளியே வந்ததும் சலூன்காரருக்கு வயிறு நிறைந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் மனைவியைக் காணோம். திரும்பிப் பார்த்தால், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கேலி பேசியவள்! அவர் பதறிப்போனார்.

"ஏய், ஒண்ணுமில்லன்னுதானே சொல்லிட்டாரு?"

"அதான் இப்ப அழறேன். முன்னாடியே அழுதிருந்தா நீங்க டெஸ்டுக்கே வந்திருக்க மாட்டீங்க."