மடுவத்துச் சுவரில் கட்டிய மெத்தை

ஓடவே பிடிக்காமல் போன ஒரு காலம் எனக்கு இருந்தது. சபையாரே, அங்கிருந்துதான் இந்தச் சாட்சியைத் தொடங்க வேண்டும்.

நான் கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அறுபது மீற்றர் ஓடுகிறவள். போன வருஷம் தை மாதம் வெளிநாட்டில் உள்ளரங்கப் போட்டிக்குப் போனேன். கூரைக்குக் கீழே ஓட வேண்டும். முடிவுக் கோட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே சுவர் வந்துவிடும். அதில் மெத்தை சாத்தியிருப்பார்கள். ஓடின வேகத்தில் அதில் மோதித்தான் நிற்க வேண்டும்.

எனக்கு அது பழக்கமில்லை. நான் ஓடிப் பழகிய தோட்டத்து மைதானம் முடிகிற இடத்தில் பள்ளம். கோட்டுக்கு முன்னாலேயே காலை இறுக்காவிட்டால் தேயிலைக்குள் போய் விழ வேண்டியதுதான். சுவரைக் கண்டதும் கால் அந்தப் பழைய வேலையைச் செய்தது. தொடையின் பின்தசை கிழிந்தது. நொண்டிக்கொண்டே கடைசியாக வந்தேன்.

பிறகு பேராதனை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸில் அலைந்தே மாதங்கள் போயின. கால் ஆறியது, பயம் ஆறவில்லை. எதிரே சுவர் தெரிந்தால் போதும், கால் தானாகவே இழுத்துக்கொள்ளும். இந்த வருஷமும் என்னைத் தெரிவு செய்தார்கள். மறுபடி கிழிந்தால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வராது. "ஆண்டவரே, களைச்சுப் போயிட்டேன். ஒன்னு பயத்த எடுங்க, இல்லாட்டி ஓட்டத்த எடுங்க." தினமும் அவ்வளவுதான் என் ஜெபம்.

பயிற்சி தருகிற சேர் கண்டியிலிருந்து வருவார். முஸ்லிம் மனிதர். "மகள், சுவரோட பழகாம சுவர்ப் பயம் போகாது" என்றார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு முன்னால் நேரான தரை இருக்கிறது. அதன் சுவரில் மெத்தை கட்டலாம் என்று முடிவானது. அம்மா லயத்தில் வீடு வீடாகக் கேட்டு, தும்பு மெத்தைகள் வாங்கி வந்தார்.

கயிறு நிற்கவில்லை. சேர் கையால் தள்ளிப் பார்த்ததற்கே மெத்தை சரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு நின்ற சாந்தி அக்கா கூடையை இறக்கி வைத்தார். இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. வந்து மெத்தையின் ஓரத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்.

"நீ ஓடி வா புள்ள. நாங்க புடிச்சிக்கிறோம்."

மற்றப் பெண்களும் வந்து பிடித்தார்கள். நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய பெண்கள். நான் ஓடினேன். வழக்கம்போலக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றேன். மறுபடியும் நின்றேன். சாந்தி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாங்க என்ன போட்டோ புடிக்கவா நிக்கிறோம்? வந்து விழு."

சிரிப்பு வந்தது. விழுந்தேன். அதன்பிறகு தினமும் பின்னேரம் விழுந்தேன். ஒரு நாள்கூட அவர்கள் வராமல் இருக்கவில்லை.

மாசியில் போட்டி. வெடி கேட்டது, ஓடினேன். சுவர் தெரிந்தது, பயமும் கூடவே வந்தது. ஆனால் அந்த மெத்தையின் இரண்டு ஓரத்திலும் கொழுந்துக் கறை படிந்த விரல்கள் இருப்பதுபோலவே எனக்குத் தெரிந்தது. கால் இறுகவில்லை. கோட்டைத் தாண்டிப் போய் மோதினேன். மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

பதக்கம் இல்லை. அரையிறுதியோடு திரும்பிவிட்டேன். ஆனால் அதைவிட வேகமாக நான் ஓடியதே இல்லை. காலும் வலிக்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி.

ஊர் திரும்பியதும் நேரே மடுவத்துக்குத்தான் போனேன். "அங்க யாரு புடிச்சா?" என்று சாந்தி அக்கா கேட்டார். "நீங்கதான் அக்கா" என்றேன். "பொய் சொல்லாத" என்றவர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறேன். பயமும் முழுதாகப் போகவில்லை. ஆண்டவரிடம் பயத்தை எடுக்கச் சொன்னேன், அவர் ஆள் அனுப்பினார். அதில் பாதிப் பேர் நம் சபைக்கு வருகிறவர்களும் இல்லை. அவர்கள் பெயர்களைச் சொல்லாமல் இப்போது நான் ஜெபத்தை முடிப்பதில்லை.

உங்களிலும் களைத்தவர்கள் இருப்பீர்கள். பெரிய ஜெபம் வராவிட்டால் விடுங்கள். களைத்துப்போனேன் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். பிறகு, கூடையை இறக்கி வைத்துவிட்டு யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.