திஸ்ஸா, தீஸா?

இன்று காலை ராயபுரத்தில் மீன் வாங்கப் போனேன்.

வழக்கமாக நான் வாங்கும் மல்லிகா அக்காவின் தட்டில் நான்கு பெரிய சங்கரா மீன்கள் இருந்தன. முன்னால் நின்ற வடமாநில இளைஞரிடம் அக்கா, "திஸ் ஃபிஷ் குட் சார்" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒண்ணுன்னா திஸ். நாலு இருக்குல்லக்கா, தீஸ்னு சொல்லணும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

இளைஞர் உடனே நான்கையும் காட்டி, "தீஸ்? ஆல் குட்?" என்று பையை விரித்தார்.

அக்கா ஒரே ஒரு மீனைத் தொட்டு, "நோ சார். ஒன்லி திஸ்" என்றார். பிறகு என்னிடம், "இது ஒண்ணுதான் டீச்சர் இன்னிக்கு வந்தது. மத்த மூணும் நேத்து ஐஸ்ல கெடந்தது. தெரிஞ்சுதான் திஸ்னு சொன்னேன்."

இளைஞர் அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார். 'நேத்து' என்ற சொல்லைக் கேட்டதும் காத்திருந்த இரண்டு பெண்கள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

"உடு டீச்சர்" என்றார் அக்கா. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மீதி மூன்றையும் நானே வாங்கி வந்து குழம்பு வைத்திருக்கிறேன். என்னைத் திட்ட நினைப்பவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுத் திட்டலாம்.