நெல்லைப்போல் ஆறவிட்ட நைலோன்

நாங்கள் வார்த்த, மீன்வலை இழுக்கும் பிளாஸ்டிக் கப்பியை மேசையில் வைத்து, முதலாளி ஹாஜியார் சுத்தியலால் ஒரே அடி அடித்தார். மூன்று துண்டு.

“இதத் தோணிக்காரன்ட கையில குடுத்தா அவன்ட விரலும் சேர்ந்து போகும். இன்னொரு தரம் உடைஞ்சா ரீசைக்கிள் பகுதிய மூடுறதுதான்.”

அந்தப் பகுதியை நம்பி ஐந்து பெண்கள் வேலை செய்தார்கள். நான் ஃபோர்மன். பழைய வாகன ரேடியேட்டர்களின் பிளாஸ்டிக் தலைகளை உடைத்துத் துருவலாக்கி, ஓவனில் காயவைத்து, மெஷினில் உருக்கிக் கப்பி வார்ப்போம். அந்தத் தலைகள் கண்ணாடி நார் கலந்த நைலோன். மறுபடி உருக்கினால் நார் குறுகி, சாமான் சடக்கென்று முறியும். அதற்குத்தான் ரப்பர் குணமுள்ள பொலிமர் குருணையைக் கொழும்பிலிருந்து எடுத்துக் கலந்தோம். கலந்தும் முறிந்தது.

“குருணை கள்ளச் சாமான், ஹாஜியார்!” என்று சப்ளையரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது.

ஐவரில் மெஷினில் நின்றவர் மல்லிகா, நாவிதன்வெளி ஊர்க்காரி, வயல்வேலை செய்து வளர்ந்தவர். அண்ணன் என்ற முறையில் என்னைக் காக்கா என்பார்.

“காக்கா, ஏசாம ஒருக்கா இஞ்ச வாங்க. உருகி வாற நூல்ல கொப்புளம் தெரியுதா?”

“ஓம், அதுக்கென்ன?”

“ஓவன் தட்டுல மிச்சம் கிடந்தத சுடச்சுடப் போட்டன். கொப்புளம் ஒண்டும் இல்ல. வெளிய படங்கு விரிச்சு ஆறவெச்சதப் போட்ட உடனதான் பொங்குது. நெல்லு காத்துல காயும் காக்கா. இது காத்துல நனையுது.”

ஓவனில் காய்ந்த துருவலை வெளியே படங்கில் கொட்டி, அவித்த நெல்லைப்போலக் கிளறி ஆறவிடச் சொன்னவன் நான்தான். கடற்காற்றின் ஈரத்தை நைலோன் குடித்துவிட்டது. ஈரத்தோடு உருக்கினால் நைலோனே பலமிழந்துவிடும், பிறகு குருணை என்ன செய்யும்? பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்த விஷயம்தான், மறந்துபோனேன். மல்லிகா கண்ணால் பார்த்தே பிடித்துவிட்டார். கெட்டிக்காரி என்றால் அவர்தான் கெட்டிக்காரி.

மறுநாள் துருவல் ஓவனிலிருந்து மூடிபோட்ட வாளிக்கு, வாளியிலிருந்து நேரே மெஷினுக்குப் போனது. அந்த மூடியை மல்லிகா யாரையும் தொடவிடவில்லை, என்னையும்தான்.

ஹாஜியார் புதுக் கப்பியை அடித்தார். சுத்தியல் துள்ளியது. மறுகா இன்னொரு தரம் அடித்தார். கீறல்கூட விழவில்லை.

“மாஷா அல்லாஹ்! சப்ளையர் நல்ல சாமான் அனுப்பிட்டானா?”

ஐந்து பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“சாமான் அதேதான் ஹாஜியார். பிழை என்னில. பிடிச்சது மல்லிகா.”

ஹாஜியார் சுத்தியலை மல்லிகாவிடம் நீட்டினார். “இனி நீங்க அடிச்சுப் பார்த்துச் சரியெண்டு சொல்லுங்க. பிறகுதான் கப்பி வெளிய போகும்.”

புதிதாக ஃபோர்மனாகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாமான் முறிந்தால் சப்ளையரை ஏசுமுன், நேற்று நீங்கள் என்ன செய்யச் சொன்னீர்கள் என்று மெஷினில் நிற்பவரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. மல்லிகா தானாக வாய் திறந்ததால்தான் அந்த ஐந்து பேருக்கும் இன்றைக்கும் வேலை இருக்கிறது.